ஐம்பத்து நான்கு இருட்டுகள்

பத்து நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல்.
நாளுக்கு நூற்று நாற்பத்து நாலு.
ஐப்பசி முதல் தேதி தொடங்கி
மார்கழி பிறக்கும்வரை அறுபத்தொரு நாள்
பள்ளத்தூரில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் மாடியில்
பிவிசி குழாய்க்குள் தலையை நுழைத்துக்கொண்டு
ஊருணியையே பார்த்திருந்தது
என் பழைய கேமரா.

தூர்வாரிய கணக்கை ஊர்க்கூட்டத்தில் காட்டவேண்டும்.
"ரெண்டே நிமிஷம் தம்பி,
தண்ணி ஏறுறது தெரிஞ்சாப் போதும்"
என்றார் பொருளாளர் சாத்தப்பன்.

செக்காலை ரோட்டில் கடையின் பின்னறை.
கணினியின் விசிறி இரைய இரைய
படங்களை ஒவ்வொன்றாய் மென்று
ஒரே கச்சா வீடியோவாய்ச் சுருட்டுகிறது மென்பொருள்.
இருநூற்று இருபத்தேழு ஜிபி உள்ளே போய்
நாற்பத்தொன்றாய் வெளியே வரும்.
நிறம் இன்னும் முடிவாகவில்லை.
தண்ணீர் செம்மண்ணா சாம்பலா என்று
நாளைக்கு டீ குடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.
கச்சாவில் அது ஒரு சௌகரியம்.

ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாளுக்கு ஆறு நொடி.
கொக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, உடனே இல்லை.
குடத்தோடு வந்தவர்கள் யாரையும் காணோம்,
படியில் ஈரம் மட்டும்.
நாற்பதாம் நாள் ராத்திரி
ஊருணி ஒரே தாவலில்
ஐந்து செம்புறாங்கல் படி ஏறியது.

நிறுத்தினேன்.
5736க்கு அடுத்தது 5737. எண்ணில் குறையில்லை.
முன்னது இரவு ஏழு ஐம்பது,
பின்னது விடியற்காலை ஐந்து.
மென்பொருள் எண்ணைத்தான் பார்க்கும்,
மணியைப் பார்க்காது.

நாலு நாளுக்கொரு முறை பேட்டரி மாற்றவேண்டியவர்
வீட்டுக் காவலுக்கு இருக்கும் செவத்தியான்.
போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
"மக லூர்தைக் காரைக்குடி ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம்.
மூணு பத்துக்குத்தான் பொறந்துச்சு.
மழையில நனைஞ்சு வந்து அஞ்சுக்கு மாட்டினேன்.
சொல்லலாம்னுதான் இருந்தேன்."

இடையை நிரப்பித் தரும் மென்பொருளும் இருக்கிறது.
பார்க்காத மழையைப்
பார்த்ததுபோலவே வரைந்துவிடும்.
விலையும் அதிகமில்லை.

நான் லென்ஸ் மூடியைப் போட்டேன்.
கேமராவைத் துண்டால் சுற்றினேன்.
அந்த ராத்திரியின் ஐஎஸ்ஓ,
அந்த ராத்திரியின் பதினைந்து நொடி,
ஐம்பத்து நான்கு முறை.
வெளியே உச்சி வெயில்.
"கோட்டையூர், பள்ளத்தூர்" என்று
ஷேர் ஆட்டோக்காரர் கூவிக்கொண்டிருந்தார்.

இருட்டுதானே, சுருங்கிவிடும் என்று நினைத்தேன்.
மேகமில்லாத நடுப்பகல் வானம்
ஒரு பிடிக்குள் அடங்கிவிட்டது.
இருட்டு அடங்கவில்லை.
பெரிதாக்கினால் மணல்மணலாய்ப் புள்ளிகள்,
ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.
எதை விட்டுவிடலாம் என்று
தெரியாமல் திணறியது கணினி.

ஊர்க்கூட்டத்தில் வேட்டித் திரை.
அந்த இடம் வந்தது. இரண்டேகால் நொடி.
"கரண்டு போயிருச்சா?" என்று
பொருளாளர் பிளக்கைப் பார்த்தார்.
ஒரு பையன் விசிலடித்தான்.
செவத்தியான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்புறம் ஐந்து படி உயரத் தண்ணீர்,
கைதட்டல், காராச்சேவு.

அதை வெட்டிக் கொடுத்தால்தான் பாக்கிப் பணம் என்றார்கள்.
வெட்டிக் கொடுத்தேன். இரண்டாயிரம் குறைத்துத் தந்தார்கள்.

எட்டு மணியிலிருந்து எண்ணினால்
மூன்று பத்து நாற்பத்து நாலாவது இருட்டு.
திறந்து பார்த்தேன்.
இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
சென்சாரின் பழைய பழுது,
நாற்பத்து மூன்றிலும் இருக்கிறது,
நாற்பத்தைந்திலும்.

வட்டில் இடமில்லை.
மூலப் படங்களை அழிக்கலாமா என்று கேட்கிறது மென்பொருள்.
எட்டாயிரத்து எழுநூற்று முப்பதுக்கும்
யோசிக்காமல் ஆம் என்றேன்.
ஐம்பத்து நான்குக்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.